பாந்த்ராவுக்குக் கொண்டுபோன மெழுகுக் கால்

"கௌன்சா பைர்? லெஃப்ட் கி ரைட்?"

எந்தக் கால், இடதா வலதா என்று கடைக்காரப் பெண் இரண்டாவது முறையாகக் கேட்டாள்.

பாந்த்ராவில் மாதா கோயிலுக்கு ஏறிப்போகும் சாலையின் ஓரம் அது. அவள் பலகையில் மெழுகால் செய்த கைகள், கால்கள், ஒரு ஜோடிக் கண்கள், இதயம், கை கால் மடக்கிப் படுத்த குழந்தை, ஜன்னல் வைத்த குட்டி வீடு எல்லாம் வரிசையாகக் கிடந்தன. யாருக்கு எந்த இடத்தில் நோவோ அந்த உறுப்பை வாங்கி மாதாவுக்கு வைக்க வேண்டும். வீடு வேண்டுபவர்கள் வீட்டை வைப்பார்கள். காலை வெயிலுக்கே மெழுகு லேசாக வியர்த்திருந்தது. பக்கத்துக் கடைச் சாமந்தியின் வாசனையோடு ஓர் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தது.

"ரைட்டு" என்றார் என்னோடு வந்திருந்த செலின் அக்கா.

கடைக்காரப் பெண் தொடையிலிருந்து விரல்வரை இருந்த ஒரு வலது காலை எடுத்து நீட்டினாள். நான் அதை வாங்காமல், என் மகளின் காலை நினைத்து அக்காவின் காதருகே கேட்டேன்: "முழங்காலுக்குக் கீழ மட்டும் கிடைக்காதாக்கா? ஷைனிக்கு அடிபட்டது கணுக்கால்தானே."

"ஏன் டீச்சர், மாதாவுக்கு எக்ஸ்ரேயும் சேத்துக் குடுத்துருவமா?"

அவர் சிரித்தார். தமிழ் தெரியாத கடைக்காரப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சி.எஸ்.ஐ. சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர். ஞாயிறு பள்ளியில் பல வருடமாகப் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுக்கிறவள். விக்கிரகம் உண்டாக்க வேண்டாம் என்ற இரண்டாம் கட்டளையை ஒரு பிள்ளை தப்பாகச் சொன்னாலும் உட்கார விடமாட்டேன். அப்படிப்பட்ட நான் தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே அந்தக் காலை வாங்கினேன். நினைத்ததைவிட எடை குறைவாக இருந்தது.

எதிரெதிர்க் கதவுகள்

இந்தப் பத்திரிகையில் என்னைப் புதிதாக வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடு மாட்டுங்கா லேபர் கேம்பில் இருக்கிறது. குடிசை போய்க் கட்டடம் வந்து, இப்போது ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறோம். எங்கள் கதவைத் திறந்தால் எதிரே செலின் அக்காவின் கதவு. இடையில் நான்கு எட்டு வைக்கும் தூரம்.

அவர்கள் தூத்துக்குடிப் பக்கத்து ஆர்.சி. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. மராத்தி பேசும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை விளங்கவில்லை. "தும் லோக் சப் கிறிஸ்டியன் ஹை நா?" என்று கேட்டுவிட்டு, கிறிஸ்துமஸுக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி டப்பாவில் லட்டு கொடுத்துவிடுவார்கள்.

எங்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பூசை, எங்களுக்கு ஆராதனை. அவர்களுக்குச் சாமியார், எங்களுக்கு ஐயர். அவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். நாங்கள் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவோம். என் வீட்டுக்காரர் பண்ணினால் குழம்பு ஆறிவிடும். நான் சொல்லிக் கொடுக்கும் இரண்டாம் கட்டளை அவர்கள் வரிசையில் தனியாக வராது. அதைப் பற்றி ஒருமுறை செலின் அக்காவிடம் வாதாடப் போனேன். "பத்தும் பத்துதான டீச்சர், எங்க வச்சி எண்ணுனா என்ன?" என்று கேட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டார்.

சின்ன வயதில் இன்னும் கறாராக இருந்தது. மாலை நேரத்தில் ஆர்.சி. ஆட்கள் மாதா சிலையை, அவர்கள் சொல்லில் சுரூபத்தை, வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். ஒரு வீட்டில் ஒரு நாள் வைத்து ஜெபமாலை சொல்லி, மறுநாள் அடுத்த வீட்டுக்கு. சந்தில் எங்கள் வீடு நடுவில் இருந்தது. சுரூபம் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். பாட்டுச் சத்தம் கேட்டதும் அப்பா எழுந்து கதவைச் சாத்துவார். அவருக்குக் கோபமெல்லாம் கிடையாது. மழை வந்தால் சாத்துவது மாதிரித்தான் சாத்துவார். அம்மா மட்டும் வாசல் விளக்கை அணைக்க மாட்டார். சாக்கடைப் பலகையில் யாரும் கால் தவறிவிடக் கூடாதே என்பார்.

ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். சாவுக்கு முதல் ஆளாக நிற்கலாம். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மட்டும் கிடையாது. மற்றவர் சாமியைப் பற்றிப் பேசுவதும் கிடையாது. இப்படித்தான் வளர்ந்தோம், இப்படித்தான் இருந்தோம். அந்த டெலிபோன் வந்த காலை வரைக்கும்.

டெலிபோன்

என் மகள் ஷைனிக்கு வாஷியில் காலேஜ். செலின் அக்காவுக்கும் அங்கேதான் வேலை, ஓர் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். இருவரும் சேர்ந்து போகட்டும் என்று நான்தான் ஏற்பாடு பண்ணினேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். ஷைனியின் போனில் லைவ் லொகேஷன் போடச் சொல்லி, வகுப்பு எடுக்கும்போதுகூட அந்த நீலப் புள்ளியைப் பார்ப்பேன். "மம்மி, ஐ ஆம் நாட் எ கூரியர் பார்சல்" என்று அவள் திட்டுவாள்.

அன்று ரயில் மாறும் இடத்தில் நீலப் புள்ளி வெகுநேரம் நகரவில்லை. ரயில் லேட் என்று நினைத்தேன். பிறகு போன் அடித்தது.

"டீச்சர், பிள்ள உசுரோட இருக்கா. பேசுதா. கால்ல மட்டும் அடி. நீங்க டாக்ஸி பிடிச்சி நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க."

உயிரோடு இருக்கிறாள் என்பதை முதலில் சொன்னார். மற்ற எதையும் அதற்கு முன்னால் சொல்லவில்லை. எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன், அந்த இடத்தில் நானாக இருந்தால் அழுதுகொண்டுதான் போன் பண்ணியிருப்பேன்.

நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெண்கள் பெட்டியில் ஏறும்போது பின்னாலிருந்து தள்ளியதில் ஷைனியின் வலது கால் பிளாட்பாரத்துக்கும் படிக்கும் நடுவில் இறங்கிவிட்டது. ரயில் அசைந்தது. உள்ளே ஏறியிருந்த செலின் அக்கா சங்கிலியை இழுத்துவிட்டு, ஹிந்தியில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக் கத்திக்கொண்டு குதித்திருக்கிறார். தன் துப்பட்டாவை ஷைனியின் காலில் இறுக்கிக் கட்டினார். ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்களோடு படியேறி ஓடினார். ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒற்றைச் செருப்போடு நின்றார்.

"யார் கட்டுப் போட்டது? அது இல்லையென்றால் பேச்சே வேறு" என்றார் டாக்டர். நான் செலின் அக்காவைக் காட்டினேன்.

ஆபரேஷன் நடக்கும்போது காரிடாரில் நான் ஒரு நாற்காலியிலும் அவர் ஒரு நாற்காலியிலும் இருந்தோம். நான் கண்ணை மூடிக் கர்த்தரோடு வழக்காடினேன். எனக்குத் தெரிந்த வசனத்தையெல்லாம் எடுத்து நீட்டினேன். அவர் கைப்பைக்குள் கையை விட்டு ஜெபமாலையை உருட்டிக்கொண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்தார். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கால் தப்பியது. எலும்பில் பிளேட் வைத்தார்கள்.

யாரைக் கேட்டு?

ஐந்து வாரம் கழித்து ஷைனி வீட்டுக்கு வந்த அன்று செலின் அக்கா ரசம் கொண்டுவந்தார். கட்டிலில் சாய்ந்திருந்தவளின் தலையைத் தடவி, "ஏட்டி, இனி ரயிலப் பாத்தா கும்புடு போட்டுட்டு ஏறணும்" என்றார். பிறகு என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், நான் ஒண்ணு நேந்துருக்கேன். ஆபரேஷன் அன்னைக்கி. பிள்ள கால் தப்புனா பாந்த்ரா மாதாவுக்கு மெழுகுக் கால் வைக்கேன்னு. நான் வாங்கிருதேன். ஆனா வைக்கிறது பிள்ள வீட்டு ஆள் கையாலதான் வைக்கணும். ஒரு நாள் நீங்க வந்தியன்னா..."

முடிக்க விடவில்லை. ஐந்து வாரமாக அடக்கி வைத்திருந்த பயம், தூக்கமின்மை எல்லாம் அந்த நிமிஷம் பார்த்து வெளியே வந்தது.

"யாரைக் கேட்டு நேர்ந்தீங்க? என் பிள்ளை காலைப் பொம்மையாக்கி ஒரு சிலைக்கு முன்னால வைக்கணுமா? அவளை ஆண்டவர்தான் காப்பாத்தினார். உங்க சிலை இல்ல."

செலின் அக்கா ரசப் பாத்திரத்தை மேடையில் வைத்தார்.

"சிலை இல்ல டீச்சர். சுரூபம்" என்றார். போய்விட்டார்.

இருவரும் கதவைச் சத்தமில்லாமல் சாத்தப் பழகினோம். லிஃப்டில் அவர் இருந்தால் நான் படியில் இறங்குவேன். ஆனால் ஷைனிக்குச் சாப்பாடு வருவது நிற்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போன பிறகு வந்து கொடுத்துவிட்டுப் போவார். மீன்குழம்புக் கிண்ணத்தைக் காட்டி ஷைனி சொன்னாள்: "ஆன்ட்டி சொன்னாங்க, இது ஒனக்குத்தான், ஒங்கம்மைக்கி இல்லன்னு. பட் மம்மி, ரெண்டு பேருக்கு இருக்கு."

சீழ்

பிறகு ஒரு நாள் கட்டு ஈரமாக இருந்தது. வாடையும் வந்தது. திரும்ப ஆஸ்பத்திரி. பிளேட்டைச் சுற்றிச் சீழ் வைத்திருக்கிறது, திறந்து கழுவ வேண்டும் என்றார்கள். "மருந்து கேட்கிறதா பார்ப்போம். கேட்காவிட்டால்..." டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்காமல் கோப்பை மூடினார். அவர் முடிக்காததை நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முடித்துக்கொண்டே வந்தேன்.

மாற்றுத்துணி எடுக்கத்தான் வந்தேன். லிஃப்டிலிருந்து வெளியே வந்தவள் என் கதவுக்குப் போகவில்லை. எதிர்க் கதவைத் தட்டினேன்.

"அக்கா, கிளம்புங்க. இப்பவே பாந்த்ரா போவோம். அந்தக் காலை வாங்கி வச்சிட்டு வந்துருவோம்."

செலின் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையில் வெங்காயம் நறுக்கிய கத்தி.

"பிள்ள ஆஸ்பத்திரியில கெடக்கா. நீங்க எங்க போறிய?"

"நேர்ந்ததைச் செய்யலைன்னுதானே இப்படி ஆச்சு. நான் பேசின பேச்சுக்குத்தானே..."

"வாய மூடுங்க டீச்சர்."

அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"மாதா ஒரு தாய். நீங்க பேசுனதுக்குப் பிள்ள கால்ல சீழ் வைக்கவா அவ ஒக்காந்திருக்கா? நல்லாப் படிச்சிய. என்ன சாமின்னு நெனச்சிய எங்க சாமிய? பயந்துபோயி வந்தா நான் கூட்டிட்டுப் போமாட்டேன். நன்றி சொல்லணும்னு தோணுச்சின்னா வாங்க. தோணலைன்னா விடுங்க, நேந்தது நான், நானும் அவளும் பேசிக்கிடுதோம். இப்ப நடங்க, பிள்ள தனியா இருக்கும்."

அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். டாக்ஸியில் நான் அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு டிரைவரிடம் சிக்னலைத் தவிர்க்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தார். விக்கிரகத்தைப் பற்றி ஊருக்குப் பாடம் எடுத்த என் மனதுக்குள்தான் பழிவாங்கும் சாமி ஒன்று உட்கார்ந்திருந்தது. அது அவர் வீட்டு மாடத்தில் இல்லை.

மருந்து கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக, பல வாரம் எடுத்து. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. கைத்தடியும் போனது. இப்போதும் படி இறங்கும்போது ஷைனி வலது காலை ஒரு யோசனையோடுதான் வைக்கிறாள். ஆனால் வைக்கிறாள்.

வரிசை

அதற்குப் பிறகுதான் பாந்த்ரா. என் வீட்டுக்காரர் கல்யாணில் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போது சொன்னேன். ஒரு பெரிய ஜெபமே வரும் என்று எதிர்பார்த்தேன். "அந்த அக்கா கட்டலைன்னா இன்னைக்கு நம்ம வீட்ல என்ன இருந்திருக்கும்? போயிட்டு வா" என்றார், அவ்வளவுதான்.

கோயிலுக்குள் வரிசை மெதுவாக நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் குங்குமம் வைத்த ஒரு குஜராத்திப் பெண் மெழுகுக் குழந்தையைத் தன் சொந்தக் குழந்தைபோல மாரோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பீடத்துக்கு அருகே போனதும் என் முழங்கால் விறைத்துக்கொண்டது.

"அக்கா, என்னால முட்டி போட முடியாது."

"யாரு போடச் சொன்னா? நான் போடுதேன். நீங்க நின்னு, ஒங்க ஆண்டவருகிட்ட ஒங்க பாஷையிலயே சொல்லுங்க."

நான் மெழுகுக் காலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கண்ணை மூடினேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். எங்கள் ஜெபம் சுருக்கமாக முடிகிற சங்கதி இல்லை. சிருஷ்டிகரில் ஆரம்பித்து, ஆஸ்பத்திரி நர்ஸுகள், ஸ்ட்ரெச்சர் தூக்கினவர்கள், ரயில் டிரைவர் வரைக்கும் வந்தேன். வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது கையில் கால் இல்லை. பொறுமையிழந்த ஒரு தொண்டர் எப்போதோ அதை எடுத்துப் பெட்டியில் போட்டிருந்தார். பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. "ஆன்ட்டி, ஆகே சலோ, ப்ளீஸ்" என்று முன்னால் நகரச் சொல்லி அவர் கெஞ்சினார்.

வெளியே வந்ததும் செலின் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னுங்கொஞ்சம் விட்டிருந்தா அந்த மெழுகு ஒங்க கையிலயே உருகிருக்கும் டீச்சர்." இந்த முறை நானும் சிரித்தேன். கடல் காற்று வந்தது. இருவரும் ஒரு ஐஸ்க்ரீம் சாப்பிட்டோம்.

சாட்சி

இத்தோடு முடித்திருந்தால் நல்ல கதை. முடியவில்லை.

எங்கள் சபையில் ஒரு பெரிய ஆபத்திலிருந்து தப்பியவர்கள் எல்லார் முன்பும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் என் முறை வந்தது. ஷைனியை முன்வரிசையில் உட்கார வைத்தேன். செலின் அக்காவையும் நானே கூப்பிட்டேன். பச்சைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கம்போல நெற்றியில் சிலுவை போட்டார். இரண்டு மூன்று தலைகள் திரும்பின.

நான் ஸ்தோத்திரம் சொல்லி ஆரம்பித்தேன். ரயில், கூட்டம், கால் இடுக்கில் இறங்கியது, எல்லாம் சரியாக வந்தது. துப்பட்டா கட்டிய இடத்துக்கு வந்ததும் திரும்பிய அந்தத் தலைகள் கண்ணில் பட்டன. பெயரைச் சொன்னால் யார் என்று கேட்பார்கள். ஆர்.சி.யா என்பார்கள். பாந்த்ராவில் உங்களைப் பார்த்தோமே என்று ஒருத்தி எழுந்தாலும் எழுவாள். இதெல்லாம் மூச்சு இழுக்கும் நேரத்துக்குள் மனதில் ஓடியது.

"அங்கே நின்ற ஒரு சகோதரி மூலமாகக் கர்த்தர் உதவி செய்தார்" என்றேன். அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன்.

எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். செலின் அக்காவும் சொன்னார்.

கூட்டம் முடிந்து டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். அவர் டீயை மட்டும் குடித்தார். வெளியே நடந்து கேட்டுக்கு வரும்வரை ஷைனியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் காலேஜ் கதையைக் கேட்டுவந்தார். ஷைனி ரிக்‌ஷா பிடிக்க ரோட்டோரம் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நல்லாப் பேசுனிய டீச்சர். மாதாவச் சொல்லல, சரி. ஒங்க கோயில்ல அதச் சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். அவளும் கோவிக்க மாட்டா."

முகத்தில் சிரிப்பு இருந்தது.

"யாரு டீச்சர் அந்த ஒரு சகோதரி?"

ரிக்‌ஷா வந்தது. மூவரும் நெருக்கிக்கொண்டு ஏறினோம். ஷைனியின் காலில் யார் முழங்காலும் படாதபடி நடுவில் தன் பையை வைத்துப் பிடித்துக்கொண்டே வீடுவரை வந்தார்.

அதற்குப் பிறகும் கிண்ணம் வருகிறது, கிண்ணம் போகிறது. அவர் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. நானும் கூட்டத்தில் மறுபடி எழுந்து நிற்கவில்லை. ஒவ்வொரு மாதமும் நிற்கலாம் என்று போகிறேன், உட்கார்ந்தே திரும்புகிறேன்.

எங்கள் ஐக்கியத்தில் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். கையிலிருந்து கைக்கு மாறி எல்லோரும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். என் மகளின் காலில் துப்பட்டாவைக் கட்டியவர் பெயர் செலின். ஆர்.சி. எங்கள் எதிர்வீடு. அவரோடு பாந்த்ராவுக்குப் போய் மெழுகுக் கால் வைத்தவள் நான்.